நேர்காணலை வைஸ் மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள்

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிற்றுநர் வேலைக்கு வருகிறவர்களின் டிப்ளமோ, என்.டி.சி. (தேசியத் தொழிற்சான்றிதழ்), சி.ஐ.டி.எஸ். (பயிற்றுநர் பயிற்சி) சான்றிதழ், கம்பெனி அனுபவம் எல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கும். அதையே மறுபடி கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. வெர்னியர் அளவுகோலின் லீஸ்ட் கவுண்ட் (அது காட்டும் மிகச் சிறிய அளவு) கேட்டால் 0.02 மி.மீ. என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். 20 பேர் யூனிட்டில் ஒரு பையனுக்கு அரம் ஓடவில்லை என்றால் இவர் என்ன செய்வார் என்பது முதல்வர் அறையில் தெரியாது.

வேலைக்கு வந்தவர் கையில், மாணவர் ராவிக் கெட்டுப்போன ஜாப் (பயிற்சித் துண்டு) ஒன்றைக் கொடுங்கள். எம்.எஸ். பிளாட், அதாவது மென் எஃகுப் பட்டை; ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டத்தை) மேலே வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரண்டு ஓரத்திலும் ஒளி தெரிகிறது, நடுவில் மேடு. 'ராவத் தெரியவில்லை' என்பதெல்லாம் பதிலாகாது. அரம் சீசா மாதிரி ஆடியிருக்கிறது என்பவர்கூடப் பாதிக் கிணறு தாண்டியவர்தான். ஏன் ஆடியது? ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடை பையனின் முழங்கை உயரத்தில் இருந்ததா, குட்டையான பையனுக்குக் காலடியில் பலகை போட்டார்களா என்று கேட்க வேண்டும். தள்ளத் தொடங்கும்போது அரத்தின் நுனியைப் பிடித்த கை அதிகம் அழுத்த வேண்டும். போகப்போக அது தளர்ந்து, கைப்பிடியில் உள்ள கை அழுத்த வேண்டும். இரண்டு கையும் கடைசிவரை ஒரே அழுத்தம் கொடுத்தால் அரம் கவிழத்தான் செய்யும்.

அடுத்து, முதலாண்டு மாணவர் ஒருவருக்குப் பத்து நிமிடம் சொல்லிக்கொடுக்கட்டும். கெட்டிக்கார ஃபிட்டர்கள் சறுக்குவது இங்கேதான். அரத்தை வாங்கித் தாங்களே ராவி, பளபளவென்று முடித்து, 'இப்படித்தான் தம்பி' என்று நீட்டுவார்கள். பையன் வேடிக்கை பார்த்ததோடு சரி. நல்ல பயிற்றுநர் முதலில் அவனை நாலு ஸ்ட்ரோக் போடவிட்டு, காலையும் தோளையும் கவனிப்பார். ஐந்து தப்பு தெரிந்தாலும் ஒன்றை மட்டும் திருத்தி, மறுபடி போடச் சொல்வார்.

மேசையில் கைப்பிடி இல்லாத அரம் ஒன்றும் கிடக்கட்டும். (பையனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், எடுப்பதுபோல் கை நீட்டினால் போதும்.) அப்படி ஒரு அரத்தால் ராவினால் அதன் கூரான வால் உள்ளங்கையில் ஏறிவிடும். பையனைத் தடுக்காமல் விடுகிற ஆளை, மற்றதில் எவ்வளவு தேர்ந்தவரானாலும், வேலைக்கு எடுக்காதீர்கள்.

நேர்காணல் குழுவினர் தங்களுக்குள் பேசும் முன்பே தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிட வேண்டும். முதல்வர் 'நல்லா பேசுறாரே' என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் பேனாவும் அந்தப் பக்கமே சாயும். எல்லோருக்கும் அதே ஜாப், அதே நேரம். மாணவர் மட்டும் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது ஆள் வருவதற்குள் பையன் தேறிவிடுவான், பெயர் அவருக்குப் போய்விடும்.