கொக்காவில் பக்கம் திருப்பிய அன்ரனா

2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்த நேரம் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. டிஷ்ஷும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவின் பற்றரி ரேடியோவைச் சுற்றி நின்றுதான் செய்தி கேட்டோம். வெள்ளம் வடிந்த பிறகு அப்பா சொன்னார்: "தம்பி, மாதக் காசு கட்டாமல் படம் வாற மாதிரி ஒரு அன்ரனா பூட்டு. எனக்கு ஒரு ரேடியோவும் வேணும்."

ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் எடுத்தது.

கடையில் தந்த அன்ரனாவில் எல்லாமே குட்டைக் கம்பிகள். பைப்பில் கட்டிக் கூரைக்கு மேலே ஏற்றினேன். ரீவியில் இலையான் மொய்த்த மாதிரிப் புள்ளிகள். பூஸ்டர் போட்டால் சரிவரும் என்றார்கள், அதையும் வாங்கினேன். பூஸ்டர் வருகிற சிக்னலைத்தான் பெருக்கும், வராததைக் கொண்டுவராது. இது எனக்குக் காசு போன பிறகுதான் விளங்கியது.

பரந்தனில் ரேடியோ திருத்துகிற ஐயா ஒருவர்தான் வழி சொன்னார். ரீவி அலைவரிசைகள் இரண்டு வகை: நீளக் கம்பி விஎச்எஃப் (VHF) அலைவரிசைக்கு, குட்டைக் கம்பி யூஎச்எஃப்புக்கு (UHF). இரண்டும் உள்ளதை வாங்கு என்றார். அதைவிட முக்கியமாக, "கோபுரம் எங்க நிக்குது எண்டு பார்த்தனியோ?" என்று கேட்டார். நான் அயல் வீட்டு டிஷ்களைப் பார்த்துத் திருப்பியிருந்தேன். டிஷ் பார்ப்பது வானத்தில் இருக்கிற செய்மதியை. அன்ரனா பார்க்க வேண்டியது கோபுரத்தை. எங்களுக்கு அது தெற்கே, கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஏ9 ஓரமாக நிற்கிற கொக்காவில் கோபுரம். 1990இல் அங்கிருந்த இராணுவ முகாம் போரில் விழுந்தபோது பழைய கோபுரமும் போனது. இப்போது நிற்கிற 174 மீற்றர் கோபுரத்தை 2011 ஜூனில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட கிட்டத்தட்ட 21 வருடத்தில் வளர்ந்த எங்களுக்கு அன்ரனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

கம்பி குறுகிப் போகிற முனையைத் தெற்கே பார்க்க வைத்தேன். தங்கச்சி ரீவிக்கு முன்னால் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்த, நான் பைப்பை விரலளவு விரலளவாகத் திருப்பினேன். படம் இரட்டையாகத் தெரிந்து, பிறகு ஒன்றாகி, தெளிந்தது. ஆனால் சத்தம் இல்லை. செய்தி வாசிப்பவர் வாயசைக்கிறார், உஸ் என்ற இரைச்சல்தான் கேட்கிறது. இரண்டு நாள் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். கடைசியில் ரீவி மெனுவுக்குள் போனால் ஒலி முறை 'டிகே' (DK) என்று கிடந்தது. இலங்கைக்கு 'பிஜி' (BG) இருக்க வேண்டும். மாற்றிய கணமே குரல் வந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ரீவி வைத்திருப்பவர்கள் இதை முதலில் பாருங்கள்.

அப்பாவின் ரேடியோவுக்கு மத்திய அலை (மீடியம் வேவ்) கட்டாயம் வேண்டும். அவருக்குத் திருச்சி வானொலி கேட்க வேண்டும், 936 கிலோஹேர்ட்ஸில். கடையில் கிடந்தவை பெரும்பாலும் எஃப்எம் மட்டும். தேடி ஒன்று எடுத்தேன். இரவில் அதில் ஒரே இரைச்சல். காரணம் பக்கத்தில் செருகியிருந்த போன் சார்ஜர். கழற்றியதும் அடங்கியது. மத்திய அலைக்கு மேலே இழுக்கிற கம்பியால் பயன் இல்லை, அதற்கான அன்ரனா ரேடியோவுக்குள்ளேயே இருப்பதால் ரேடியோவையே திருப்ப வேண்டும் என்பது அப்பாவுக்கு நான் சொல்லாமலே தெரியும்.

போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவில் ரேடியோ கேட்ட ஆள் அவர். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் குரல் அமுங்கும், அப்பா என்னைப் பார்ப்பார், திரும்பவும் சுற்றுவேன்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் வந்தது. பின்னேரமே அன்ரனாவை இறக்கிச் சுவரோடு சாத்திவிட்டோம். இரவு கரண்ட் போனது. அப்பா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் மெல்ல மெல்லத் திருப்பினார். முல்லைத்தீவு என்ற சொல் தெளிவாகக் கேட்டதும் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார். நாங்கள் எல்லோரும் கிட்டப் போய் உட்கார்ந்தோம்.