கொடையில் வில்லிசை: பந்தலை எல்லோருக்கும் அமைக்கும் முறை

குமரி மாவட்டத்துக் கொடைகளில், அதாவது நாட்டுப்புறத் தெய்வங்களின் கோவில் விழாக்களில், சுடலைமாடன் கதையோ இசக்கியம்மன் கதையோ மணிக்கணக்கில் ஓடும். வில்லிசை, மணி கட்டிய வில்லை அடித்துப் பாடிக் கதை சொல்லும் கலை. சொல் விளங்காதவருக்கு மிஞ்சுவது மணிச் சத்தம் மட்டும்தான். காது கேளாதவர், பார்வையில்லாதவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், இரைச்சல் தாங்காத பிள்ளை என யாருக்காகவும், தலைமைப் பாடகரான புலவர் தன் பாட்டை மாற்ற வேண்டியதில்லை. மாற வேண்டியது பந்தலும் மைக் செட்டும்.

மைக் செட்டிலிருந்து தொடங்குங்கள். கொடைக்கு வரும் பெரியவர்களில் பலருக்குக் காது மந்தம், அதனால் அதிகம் பேருக்குப் பயன்படுவது இதுதான். வழக்கமாக நடக்கும் தவறு, வில், குடம், உடுக்கை, ஜால்ரா எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு மைக் வைப்பது. வில்மணியும் ஜால்ராவும் மைக் இல்லாமலே பந்தல் முழுக்கக் கேட்கும். அவற்றைப் பெருக்கினால் சொற்களின் கூர்மையான ஒலிகள் அடிபட்டுப் போகும். குடத்தின் முழக்கமோ அடித்தொண்டைக் குரலை மூடிவிடும். புலவருக்கும் பின்பாட்டுக்காரர்களுக்கும் மட்டும் மைக் போதும், அவற்றிலும் பாஸைக் குறைத்துவிடுங்கள். புலவரின் இரண்டு கையிலும் வில்லை அடிக்கும் வீசுகோல் இருக்கிறது, தலையும் அசைந்துகொண்டே இருக்கும். ஸ்டாண்ட் மைக்கில் குரல் ஏறி இறங்கும், வீசுகோலின் சலங்கையும் சேர்ந்து விழும். தலையில் மாட்டும் மைக் ஒன்றை வாடகைக்கு எடுப்பது வீண் செலவு அல்ல.

அடுத்தது குழாய் ஸ்பீக்கர். தெரு நெடுக வரிசையாகக் கட்டினால் சொல் இரட்டிக்கும். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளிக் கட்டிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மேடையிலிருந்து வரும் அதே சொல் 0.1 நொடி பிந்தி மறுபடி கேட்கும். மிக்சரில் தாமதம் வைக்கும் வசதி இருந்தால் அந்த ஸ்பீக்கருக்கு அதே 0.1 நொடி வையுங்கள். இல்லையென்றால் 15 மீட்டருக்கு அப்பால் கட்டவே வேண்டாம். பந்தலின் இரு ஓரத்திலும் தலை உயரத்தில் சிறு பெட்டிகளைக் குறைந்த சத்தத்தில் வைப்பதே நல்லது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொதுவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன, அனுமதி பெற்ற சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை விலக்கு உண்டு. சாமக்கொடையின் (நள்ளிரவுப் பூசையின்) வில்லிசையை, ஒலிபெருக்கிக்கு அனுமதி உள்ள நேரத்துக்குள் முடியும்படி திட்டமிட இதுவும் ஒரு காரணம்.

காது கேளாதவர்களுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் இருவர் வேண்டும். ஒருவரே இரவெல்லாம் செய்தால் கையும் கவனமும் ஓயும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும். புலவருக்கு இரண்டடி தள்ளி, ஒரே பார்வையில் புலவரும் பெயர்ப்பாளரும் தெரியும்படி நிற்கட்டும். உடுப்பு ஒரே அடர் நிறமாக இருக்க வேண்டும். சீரியல் விளக்கை அவர்களுக்குப் பின்னால் கட்டினால் கை நிழலாகிவிடும். வெளிச்சம் முன்னால், சற்று மேலிருந்து முகத்தில் விழட்டும்.

வில்லிசையின் அமைப்பே இங்கே பெயர்ப்பாளருக்குக் கைகொடுக்கிறது. புலவர் ஓர் அடி பாட, பின்பாட்டு அதைத் திருப்பிப் பாடும். வசனத்தில் "ஆமா" போடுவார்கள். அந்த இடைவெளியில்தான் கை சொல்லை எட்டிப் பிடிக்கும். ஆனால் சாமி பெயர்களுக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் என்ன சைகை என்பதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ஒரு வாரம் முன்னதாகக் கதைச் சுருக்கத்தைக் கொடுங்கள். காப்பு (தொடக்க வணக்கப் பாட்டு), குருவடி (குரு வணக்கம்), அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி (வாழ்த்து) என்ற வரிசையில் 2 பக்கம் போதும். அதையே பெரிய எழுத்தில் அச்சடித்துப் பார்வையாளருக்கும் கொடுக்கலாம்.

குடத்தின் முழக்கத்தை உடம்பாலும் கேட்கலாம். சிமென்ட் தரையில் அதிர்வு ஏறாது. வில் வைத்திருக்கும் மரப்பலகை மேடையை இன்னும் 4 அடி நீட்டி, விருப்பமுள்ளவர்களை அதில் உட்கார வையுங்கள். ஊதிய பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாலும் அதிர்வு தெரியும். குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

பார்வையில்லாதவர்கள் வில்லையும் மணிகளையும் குடத்தையும் தொட்டுப் பார்க்கப் புலவரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். வில்லை வணங்கித்தான் பாடத் தொடங்குவார்கள், அதனால் காப்புக்கு முந்திய கால்மணி நேரமே ஏற்றது. உடுக்கைத் தோலில் ஈரக்கை படக்கூடாது. அருள் வந்து ஆடும்போது என்ன நடக்கிறது என்று காதோடு சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சாமியாடிகள் ஓடி வரும் வழியில் 6 அடி அகலத்துக்கு யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

தேரி மணலில் (செம்மணல் மேட்டில்) சக்கர நாற்காலி புதையும். கயிற்றுப்பாய் மட்டும் விரித்தால் சக்கரம் அதோடு சேர்ந்து அமுங்கும். 4 அடி அகல பிளைவுட் பலகைகளை விளிம்பு மேல் விளிம்பு ஏறாமல் வாசலிலிருந்து பந்தல் வரை பரப்புங்கள். சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். இரண்டடி மேடைக்கு 8 அடிப் பலகையைச் சாய்ப்பது ஆளைப் பின்னால் கவிழ்க்கும் வேலை. நாற்காலிகளுக்கான இடம் கடைசி வரிசையில் அல்ல, நடுவரிசை ஓரத்தில், குடும்பத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும். செயற்கைக் காலையும் காலிப்பரையும் (காலைத் தாங்கும் கம்பிக் கருவியையும்) கழற்றச் சொல்லாதீர்கள். நாற்காலிச் சக்கரத்தை வாசலில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கழிப்பறை இல்லையென்றால் பெண்களும் முதியவர்களும் பாதிக் கதையில் எழுந்து போய்விடுவார்கள்.

வெடி போடும் நேரத்தை 5 நிமிடம் முன்பே மைக்கில் சொல்லுங்கள். மினுக்கி மினுக்கி எரியும் விளக்கு வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்து, அது வேண்டவே வேண்டாம். சற்றுத் தள்ளி, ஸ்பீக்கர் எட்டாத ஒரு வீட்டுத் திண்ணையை இரைச்சல் தாங்காத பிள்ளைகளுக்காகக் கேட்டு வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கொடை பெரும்பாலும் வரி (விழாச் செலவுக்கான பங்குப் பணம்) கட்டும் குடும்பங்களின் விழா. வரியில் இல்லாத தெருக்காரர்கள் அழைக்காமல் வரத் தயங்குவார்கள். குமரி அப்போது இருந்த திருவிதாங்கூரில், எல்லாச் சாதி இந்துக்களும் கோவிலுக்குள் போகலாம் என்ற ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936இல். ஆனாலும் யார் எங்கே உட்காருவது என்ற பழைய கணக்கு சில பந்தல்களில் இன்னும் இருக்கிறது. வில்லிசையை மட்டுமாவது கோவில் மதிலுக்கு வெளியே பொது இடத்தில் வைத்து, பக்கத்துத் தெருக்களுக்கும் நோட்டீஸ் கொடுங்கள்.

அந்த நோட்டீஸில் சைகைமொழி உண்டு, பலகைப் பாதை உண்டு, கழிப்பறை இன்ன இடத்தில், எந்தக் கதை எத்தனை மணிக்கு என்பதெல்லாம் இருக்கட்டும். போன் எண்ணுக்குப் பக்கத்தில், வாட்ஸ்அப்பில் எழுதியும் கேட்கலாம் என்று சேர்த்துவிடுங்கள். காது கேளாதவரால் போன் போட்டுக் கேட்க முடியாது.