பின்னாடி ஜெனரேட்டர் ஓடுதா, நின்னுடுச்சா?

ஆர்வி டிரெய்லர (வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுக்குற, உள்ளயே தங்குற வசதி இருக்குற வீட்டு வண்டி) இழுத்துட்டுப் போறப்ப பின்னாடி போர்ட்டபிள் ஜெனரேட்டர் ஓடுதா நின்னுடுச்சான்னு ஓட்டுறவங்களுக்கு எப்படித் தெரியும், ரோட்டு சத்தத்துல ஒண்ணும் கேக்காது, நாய் பூனைய ஏசி போட்டு உள்ள விட்டிருந்தா இது விளையாட்டு இல்ல. ப்ளூடூத் ஆப் இருக்கேன்னு நம்பாதீங்க, சாதாரணமா 10 மீட்டர் தாண்டினாலே திணறும், நடுவுல டிரெய்லர் தகடு வேற. என்னைக் கேட்டா ஜெனரேட்டர விட உள்ள இருக்குற சூட்டைக் கவனிக்கிறதுதான் முக்கியம், பேட்டரில ஓடுற சிம் போட்ட டெம்பரேச்சர் சென்சார் ஒண்ணு வச்சா கரண்ட் நின்னு சூடு ஏறினதும் போனுக்கு மெசேஜ் வந்துடும் (டவர் இல்லாத ரோட்டுல அதுவும் அம்போதான்). அடிக்கடி ஆஃப் ஆகுதா, முதல்ல ஆயில் பாருங்க, மேடு பள்ளத்துல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கினாலே லோ ஆயில் சென்சார் இன்ஜின நிறுத்திடும், உடனே மெக்கானிக்கைத் தேடி அலைய வேணாம்.

அப்புறம் ஜெனரேட்டர் புகைல வர்ற கார்பன் மோனாக்சைடுங்குற விஷ வாயுக்கு வாசனையே கிடையாது, டிரெய்லருக்குள்ள அதுக்கு ஒரு அலாரம் கண்டிப்பா இருக்கணும். பெட்ரோல் பங்க்குக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே ஜெனரேட்டர ஆஃப் பண்ணிடுங்க, ஆறினப்புறம்தான் அதுக்கு பெட்ரோல் ஊத்தணும்.