"இந்த நிலைமையில எதுக்கும்மா குழந்தை?"

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அதற்கு மாத்திரை வாங்குவது, பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது எல்லாம் இத்தனை வருஷமாகப் பிரச்சினை இல்லாமல்தான் போனது. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டதும்தான் அலைச்சல் தொடங்கியது.

அதுவரை மருத்துவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" நான் வாய் திறப்பதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டிருப்பார். இந்தத் தடவை மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "இந்த நிலைமையில எதுக்கும்மா குழந்தை? இந்த மாத்திரையே குழந்தைக்கு ஆகாது" என்றார்.

மகப்பேறு பிரிவுக்குப் போனேன். ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) டாக்டர் கடிதம் எங்கே, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு ரிப்போர்ட் எங்கே என்றார்கள். கையில் இரண்டும் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "ஏ.ஆர்.டி. கேஸ் ஒண்ணு வந்திருக்கு" என்று செவிலியர் உள்ளே குரல் கொடுத்தார். பக்கத்து இருக்கைப் பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர் கையில் இரண்டு ஜோடி கையுறை, ஒன்றின்மேல் ஒன்று. ரத்த அழுத்தம் பார்க்க!

வைரல் லோடு பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து மாதக்கணக்காகிவிட்டது. ஃபைலில் ரிப்போர்ட்டே இல்லை. கேட்டால், "நார்மலாத்தான் இருக்கும்" என்றார்கள். அந்த எண்ணை வாங்காமல் வராதீர்கள். எல்லாப் பேச்சும் அதில்தான் நிற்கிறது.

கைகொடுத்தவர் ஆலோசகர் அக்கா. ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வைரஸ் கண்டறிய முடியாத அளவு! அந்த நிலையில் உடலுறவின் மூலம் கணவருக்குத் தொற்று போகாது. சிகிச்சையே இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. கருத்தரிக்கும் முன்பிருந்தே வைரஸ் அடங்கியிருந்தால் 1 சதவீதத்துக்கும் கீழே. இதை எனக்கு முதலில் சொன்னவர் மருத்துவர் இல்லை, அக்காதான்.

மாத்திரைக் கதையையும் அவர்தான் விளக்கினார். நான் போடும் டோலுடெக்ராவிர் மாத்திரை கருவின் தண்டுவடத்தைப் பாதிக்குமோ என்று 2018இல் ஒரு பயம் கிளம்பியது உண்மை. கூடுதல் தரவுகளைப் பார்த்த பிறகு 2019இல் உலக சுகாதார நிறுவனம், கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் உட்பட எல்லோருக்கும் அதையே பரிந்துரைத்தது. மருத்துவர் பழைய பயத்திலேயே நின்றுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அந்தக் கூட்டத்தில் அவருக்கும் மூச்சுவிட நேரமில்லை. அதற்காக என் கேள்வியை விழுங்கிக்கொள்ள முடியுமா?

அடுத்த முறை கேள்விகளைத் தாளில் எழுதி, உட்கார்ந்ததும் மேசைமேல் வைத்தேன். மறுபடியும் வேண்டாம் என்று இழுத்தார். "சரிங்க சார், வேண்டாம்னா காரணத்தை ஃபைல்ல எழுதிக் கொடுங்க" என்றேன். பேனா அப்படியே நின்றது. அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தாளில் இருந்த ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடிதமும் கிடைத்தது.

செவிலியர் கத்தியதைப் பற்றி எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

போகிறவர்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் அதே கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். எச்.ஐ.வி. உள்ள நமக்கு அந்த ஆபத்து மற்ற பெண்களைவிட ஆறு மடங்கு. 25 வயதிலேயே தொடங்க வேண்டும். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை எழுதினால், டோலுடெக்ராவிரை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடுங்கள். சேர்த்துப் போடுவதானால் சாப்பாட்டோடு மட்டும்.