மூடிய மருத்துவமனைக்குள் முன்வாசல் வழியாக

கைவிடப்பட்ட கட்டிடங்களைப் படமெடுப்பவர்களில் பலர் வேலி தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. நியாயம் பேசவில்லை, திருட்டுத்தனமாக நுழைந்தவனுக்கு முக்காலியை விரித்து வெளிச்சத்துக்காகக் காத்திருக்க நேரம் இருக்காது, அவ்வளவுதான். மூடிக்கிடந்த ஒரு காசநோய் மருத்துவமனைக்குள் எழுத்துப்பூர்வ அனுமதியோடு போய்வந்த கதை இது.

முதல் தலைவலி, யாரிடம் கேட்பது என்பது. நிலம் ஒருவர் பெயரில், சாவி இன்னொருவர் கையில். நிலப் பதிவேட்டைப் பார்த்து உரிமையாளரைக் கண்டுபிடித்து மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. தொலைபேசியில் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளே யாராவது விழுந்தால் வழக்கு தங்கள் தலையில் விடியும், படம் வெளியானால் மறுநாளே நாலு பேர் சுவரேறிக் குதிப்பார்கள் என்ற இரண்டு பயம்தான் அவர்களுக்கு. அடுத்த கடிதத்தை அந்தப் பயங்களுக்குப் பதிலாகவே எழுதினேன். எந்த நாள், எந்த நேரம், எத்தனை பேர், எந்தெந்தத் தளம். விபத்து நேர்ந்தால் நானே பொறுப்பு, காப்பீட்டு நகல் இணைப்பில். இடத்தின் பெயரை வெளியிட மாட்டேன். படங்களின் பிரதி உங்களுக்கு. என் கலைப்பார்வை பற்றி ஒரு வரிகூட இல்லை. அனுமதி வந்தது, நிபந்தனைகளோடு: காவலாளி கூடவே வருவார், தலைக்கவசம் கட்டாயம், அடித்தளத்துக்குப் போகக் கூடாது.

அடித்தளத்தைத் தடுத்ததற்குக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார். பழைய கொதிகலன் குழாய்களைச் சுற்றி அதுதான் இருக்கும். உதிரும் இழை நுரையீரலுக்குள் போனால், நோய் வெளியே தெரிய 20, 30 ஆண்டுகள்கூட ஆகலாம். மேல்தளத்தில் வேறு வம்பு: காய்ந்த புறா எச்சம், அதில் வளரும் பூஞ்சை. துணி முகக்கவசம் இதற்கெல்லாம் உதவாது. நுண்தூசியைத் தடுக்கும் பி3 வடிகட்டி மாட்டிய சுவாசக்கவசம் அணிந்துகொண்டேன். மரத்தளத்தில் நடுவே கால் வைக்காமல் சுவரோரமாக நடந்தோம். உத்திரம் சுவரில் அமரும் இடம் கொஞ்சம் நம்பகமானது. கொஞ்சம்தான். ஈரக்கறை படிந்த இடத்தில் அந்த நம்பிக்கையும் கூடாது.

காசநோய் மருத்துவமனை என்பது படமெடுப்பவனுக்கு வரப்பிரசாதம். 1943இல் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்படும்வரை வெயில், காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு இவைதான் முக்கிய வைத்தியம். அதனால்தான் அந்த நீண்ட தாழ்வாரங்களும் ஆளுயர ஜன்னல்களும். மருந்துகள் பரவிய பிறகு இந்த நிலையங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நோயாளிக்காக உள்ளே அழைத்த வெயில் இப்போது நமக்கு.

கேமராவில் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8, கை பட்டு அசையாமலிருக்க இரண்டு நொடி டைமர். ஜன்னலுக்கு வெளியே கண்ணைக் கூசும் வெளிச்சம், உள்ளே இருட்டு. ஒரே படத்தில் இரண்டும் அடங்காது. எனவே ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவில் எடுத்துப் பிறகு சேர்த்தேன். சேர்க்கும்போது நிறங்களைப் பொங்கவிடுவது எனக்குப் பிடிக்காது. பாழடைந்த சுவர் திருவிழாப் பந்தல் மாதிரி ஆகிவிடும். ஃபிளாஷ் பையிலேயே இருந்தது. கூட வந்த காவலாளி இடைஞ்சலாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். எந்த அறைக்கு எப்போது வெயில் வரும் என்று காட்டிக்கொடுத்ததே அவர்தான்.

ஓர் அலமாரியில் நோயாளிகளின் பெயரோடு அட்டைகள் கிடந்தன. அவற்றைப் படமெடுக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் 1995இல் மூடப்பட்ட வில்லார்ட் மனநல மருத்துவமனையின் மாடியில் நோயாளிகளின் 400க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடைத்தன. அவற்றைப் படமாக்கிய புகைப்படக்காரர் ஜான் கிறிஸ்பினால்கூட, அந்தரங்கச் சட்டத்தால் நோயாளிகளின் முழுப்பெயரை வெளியிட முடியவில்லை. அட்டைகள் கிடப்பதை மட்டும் உரிமையாளருக்குத் தெரிவித்தேன்.

அப்புறம் படக்கோப்புகளிலிருந்து இடக்குறிப்பை அழித்துவிட்டுப் பிரதிகளை அனுப்பினேன். கூரை ஒழுகும் இடங்கள் அதில் தெளிவாகத் தெரிகின்றனவாம், பராமரிப்புக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் வேலை முடிந்ததும் அடித்தளத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.