பதினொரு மணி மூளையும் மூன்று மணி மூளையும்

சுண்டெலிகளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆய்வகத்தில் அப்போது என் வேலை. காலை 9 மணிக்குக் கூண்டறையில் விளக்கு எரியும். இரவெல்லாம் ஓடித் திரிந்த சுண்டெலிக்கு அது படுக்கும் நேரம். அதிலிருந்து ஆறு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கண் சொருகினால் கூண்டை லேசாகத் தட்டுவேன், புதுப் பஞ்சு போடுவேன். அப்படியும் அசந்தால் மெல்லிய தூரிகையால் முதுகைத் தொடுவேன். மிரட்டக் கூடாது. மிரண்டுவிட்டால், மூளையில் தெரிவது தூக்கமின்மையா பயமா என்று பிரிக்க முடியாது. மதியத்துக்கு மேல் பஞ்சைப் பிடித்தபடியே தலை சாயும். பார்க்கப் பாவமாக இருக்கும்.

பிறகு மூளையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, அதன் மேலடுக்கான புறணியிலிருந்து, மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, எந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று அளப்போம்.

முதல் தொகுதியில், ஒப்பிடுவதற்காகத் தூங்கவிட்ட எலிகளின் மூளையை 11 மணிக்கே எடுத்து முடித்தேன். விழித்திருந்தவற்றை 3 மணிக்கு எடுத்தேன். ஏகப்பட்ட மரபணுக்கள் மாறியிருந்தன. பூரித்துப்போனேன். குழுத் தலைவர் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, "நேரம் வேற வேறயா இருக்கேம்மா" என்றார்.

தூங்கினாலும் தூங்காவிட்டாலும் மூளைக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளாக், பிமால்1 என்ற புரதங்கள் பெர், க்ரை மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் சேர்ந்ததும் செல்லின் உட்கருவுக்குள் திரும்பி வந்து அதே முடுக்கத்தை அடக்குகின்றன. அவை சிதைந்ததும் மறுபடி தொடக்கம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். 1971-இல் பழ ஈயில் கிடைத்த பீரியட் (பெர்) மரபணுவில் தொடங்கிய இந்தக் கதைக்குத்தான் 2017-இல் நோபல் பரிசு. தூக்கத்தை ஆராயும் சியாரா சிரெல்லியின் குழு 2004-இல் எலிகளின் புறணியில் 15,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களைப் பார்த்தபோது, சுமார் 10 சதவீதம் பகலுக்கும் இரவுக்கும் இடையே மாறின. அதில் பாதி, மணி என்னவானாலும், தூக்கத்தையும் விழிப்பையும் பொறுத்தே மாறியது. இந்த இரண்டையும்தான் நான் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தேன்.

சரி, மறுபடி முதலிலிருந்து. இந்த முறை இரு தரப்பையும் 3 மணிக்கே எடுத்தோம். நான் கொண்டாடிய வித்தியாசங்களில் பல காணாமல் போயின. ஹோமர்1ஏ என்ற மரபணுவின் அளவு மட்டும், விழித்திருந்த எலிகளில் அப்படியே உயர்ந்து நின்றது. ஆறு மணி நேரம் அந்தச் சின்ன மூளை தூக்கத்தோடு போராடியதன் தடம் அது.

முதல் தொகுதி எலிகளின் உயிர் வீணானது இன்னும் உறுத்துகிறது. இப்போது குழாயின் மூடியில் எலியின் எண்ணுக்கு முன்னால் மணியைத்தான் எழுதுகிறேன்.