லூபஸோடு ஒரு கர்ப்பம்: சி3 எண்ணைப் பார்த்தபடி

பெங்களூர் அல்சூரில் எங்கள் சமையலறைச் சுவரில் பால் கணக்கு எழுதும் காலண்டர் ஒன்று தொங்கும். நான் உண்டாகியிருந்தபோது பால் கணக்குக்குப் பக்கத்திலேயே, ரத்தப் பரிசோதனையில் வரும் சி3 என்ற புரதத்தின் எண்களையும் அம்மா எழுதிவந்தாள்.

எனக்கு நான்கு வருடமாக லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பிறகுதான் குழந்தை என்று லூபஸுக்குப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டர் சொல்லியிருந்தார், காத்திருந்தோம். நாள் தள்ளியது தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும், "வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, மாத்திரையை நிறுத்து" என்றார்கள். நிறுத்தவில்லை. லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோக்வின் மாத்திரையை விட்டால் நோய் கிளம்பும், பிள்ளைக்கு ஆபத்து அதில்தான் என்றார் டாக்டர். 12ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரினும் சேர்ந்தது.

அப்புறம் மாதாமாதம் ரத்தம், சிறுநீர். சி3, சி4 இரண்டும் காம்ப்ளிமென்ட் என்னும் புரதக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கிருமி வந்தால் ஒன்று இன்னொன்றைத் தட்டி எழுப்பி, கடைசியில் கிருமியின் மேல்தோலில் ஓட்டை போடும். நஞ்சுக்கொடியில் பாதி அப்பா வழி வந்தது. அதன்மேலும் இவை பாய்ந்துவிடக் கூடாது என்றுதான் அதன் செல்கள் காப்புப் புரதங்களைப் போர்த்திக்கொண்டிருக்கின்றன. இதை டாக்டர் சொன்ன அன்று வயிற்றில் கை வைத்தபடியே வீடு வந்தேன். லூபஸ் கிளம்பினால் இந்தப் புரதங்கள் வேண்டாத இடத்தில் வேலை செய்து செலவாகிவிடும். ரத்தத்தில் அளவு இறங்கும்.

எனக்குப் புரிய நாளானது வேறொன்று. சாதாரணமாகக் கர்ப்பத்தில் சி3 ஏறும். லேப் தாளில் போட்டிருக்கும் 90 முதல் 180 என்பது கர்ப்பமில்லாதவர்களுக்கான கணக்கு. எனக்கு 10ஆம் வாரம் 124, 16ஆம் வாரம் 121. ஸ்கேன் எடுத்த இடத்தில், "நார்மல்தானே, ஏன் காசைக் கரைக்கிறீங்க?" என்றார்கள். டாக்டரோ 121ஐப் பேனாவால் வட்டமிட்டு, "ஏறியிருக்கணும்மா, ஏறலை" என்றார்.

நவம்பர் 1, கர்நாடக ராஜ்யோத்சவ விடுமுறை. வழக்கமான லேப் மூடியிருந்ததால் இந்திராநகரில் வேறொரு லேபில் ரத்தம் கொடுத்தோம். சாயங்காலம் போனில் ரிப்போர்ட் வந்தது: சி3 1.12. "நூத்தி இருபத்தொண்ணு ஒண்ணுக்கு வந்துடுச்சேடி!" அம்மாவுக்குக் கை நடுங்கியது. அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. காலையில் டாக்டர் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த அலகைக் காட்டினார். எங்கள் லேப் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் தரும். இது லிட்டருக்குக் கிராம். 1.12 என்றால் 112. தயவுசெய்து அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். முடிந்தவரை ஒரே லேபுக்குப் போங்கள்.

24ஆம் வாரம் 98. 27ஆம் வாரம் 84. அந்த வாரமே பிரஷர் 146/94, செருப்பு நுழையாத அளவு கால் வீக்கம், சிறுநீரில் புரதம். இது கர்ப்பகாலத்துப் பிரஷரான ப்ரீஎக்லாம்ப்சியாவா, லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டதா? வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாவது என்றால் பிரசவம்தான் தீர்வு. 27 வாரத்தில் அதை நினைக்கவே முடியவில்லை. இரண்டாவது என்றால் மருந்தைக் கூட்டி நோயை அடக்கலாம். சி3, சி4 இறங்கியிருந்தன, லூபஸ் கிளம்பினால் கூடும் டிஎன்ஏ எதிர்ப்பொருள் ஏறியிருந்தது, சிறுநீரில் சிவப்பணுக்கள் இருந்தன. மூன்றையும் சேர்த்துப் பார்த்து ருமட்டாலஜி டாக்டரும் பிரசவ டாக்டரும் லூபஸ் என்று முடிவு செய்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். ஸ்டீராய்டைக் கூட்டி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோப்ரினும் தொடங்கினார்கள்.

31ஆம் வாரம் சி3 96. அம்மா அந்த எண்ணை மட்டும் சிவப்பு மையில் எழுதினாள்.

36ஆம் வாரம் பெண் குழந்தை, 2.3 கிலோ. பிரசவத்துக்குப் பிறகும் லூபஸ் கிளம்பலாம் என்பதால் ஆறாவது வாரம் குழந்தையை அம்மா மடியில் விட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். 108.